அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையில் ஒரு கண்

வன்னியில் கண்புரை சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பது பெரும்பாலும் டொக்டர் இல்லை, வயல்தான். "காலபோகம் வெட்டி முடியட்டும்", "வற்றாப்பளைப் பொங்கல் போகட்டும்", "மடுவுக்குப் போயிட்டு வந்து பாப்பம்" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். கடைசியில் வரம்பில் கால் வைக்கத் தடுமாறும்போதுதான் ஆள் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை காட்டுவார். காலம் பார்ப்பதில் பிழை இல்லை. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய ஆறு வாரத்தைத் தூசிக்கும் பாரத்துக்கும் சேற்றுத் தண்ணிக்கும் விலக்கி வைக்கத்தான் வேண்டும். அந்த ஆறு வாரத்தை முன்கூட்டியே கணக்குப் போடாமல், "பிறகு, பிறகு" என்று விடுவதில்தான் பிழை.

மானாவாரிக்காரருக்குக் கணக்கு சுலபம். தை, மாசியில் வெட்டி, சூடடித்து, நெல்லை ஏற்றிய பிறகு புரட்டாதி வரைக்கும் பெரிய வேலை இல்லை. இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கீழ் சிறுபோகமும் செய்பவர்களுக்குக் கிடைப்பது அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் உள்ள சில வாரங்கள்தான். ஆனால் கண் கிளினிக்கின் வரிசைக்கு உங்கள் வயல் தெரியாது. அதனால் நெல் குடலையில் நிற்கும்போதே, வேலை குறைந்த அந்த நாட்களில், பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையில் துண்டு வாங்கிக்கொண்டு கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் எது வசதியோ அந்தக் கண் கிளினிக்குக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள். திகதி தரும்போது, "எனக்கு இன்ன மாதத்தில்தான் வீட்டில் இருக்க ஏலும்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அவசரமில்லாத கண்ணென்றால் அதைக் கருத்தில் எடுப்பார்கள்.

புரை கண்ணுக்கு மேலே படரும் தோல் இல்லை. கண்மணிக்குப் பின்னால், கதிராளிக்கு (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்துக்கு) அடுத்தாற்போல் உள்ளே இருக்கும் வில்லை மங்குவதுதான் புரை. ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் அகலமும் 4 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள அந்த வில்லையின் புரதங்கள் வயசோடு திரண்டு, பழுப்பேறி, வெளிச்சத்தை மறிக்கும். உள்ளே இருக்கிற இந்த மங்கலை எந்தச் சொட்டு மருந்தாலும் கரைக்க ஏலாது. நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், தாய்ப்பால் எதை விட்டாலும் வில்லைக்கு ஒன்றும் ஆகாது. கிருமி மட்டும் கண்ணுக்குள் போகும். மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழிக்கு மேல் ஏறுவது வேறு வருத்தம். வெயிலிலும் தூசிலும் நிற்பவர்களுக்கு அது கூட. இரண்டும் ஒரே கண்ணில் இருக்கலாம் என்பதால், "போன வருசம் கண்ணைக் கிளீன் பண்ணினவை, திரும்ப வந்திட்டுது" என்று சொல்பவரிடம் எதை எடுத்தார்கள் என்று கிளினிக் கொப்பியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாப் புரையும் ஒரே மாதிரித் தொடங்காது. வில்லையின் நடு இறுகும் வகையில், தூரப் பார்வை மங்க, கிட்டப் பார்வை தெளியும். கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கத் தொடங்கிய ஐயாவைப் பார்த்து வீட்டார் சந்தோசப்படுவார்கள். அது புரையின் அடையாளம். பின்பக்க உறையோடு ஒட்டி வரும் வகை சலரோகக்காரரையும், தொய்வுக்கோ மூட்டு வருத்தத்துக்கோ நெடுநாள் ஸ்டீரொயிட் குளிசை எடுத்தவர்களையும் பிடிக்கும். அறுபது வயசு ஆகவேண்டும் என்றில்லை. இவர்கள் மம்மலுக்குள் ஓரளவு பார்ப்பார்கள், பட்டப்பகல் வெயிலில் கண் கூசி ஒன்றும் தெரியாமல் நிற்பார்கள். இரவில் எதிரே வரும் வாகனத்தின் லைற் வெடித்துப் பரவுகிற மாதிரித் தெரிந்தால் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுவதை அன்றைக்கே நிறுத்துங்கள்.

"முத்தட்டும், முத்தினாப் பிறகு வெட்டுவம்" என்பது ஒரு காலத்தில் டொக்டர்மார் சொன்னதுதான். அப்போது வில்லையை உறையோடு முழுசாகப் பிடுங்கி எடுத்தார்கள்; முற்றினால் எடுக்க லேசு. இன்றைக்கு உறையை விட்டுவிட்டு உள்ளீட்டை மட்டும் எடுப்பதால் நிலைமை தலைகீழ். முற்றிய வில்லை கல்லாக இறுகும், எடுக்க நேரமும் விசையும் கூடத் தேவைப்படும், கருவிழியை மூடி முன்னால் இருக்கும் கண்ணாடிப் படலம் நோகும், உறை கிழியும் ஆபத்தும் கூடும். இன்னும் விட்டால் வில்லை ஊதிக் கண்ணுக்குள் நீரோட்டத்தை அடைக்கலாம், அல்லது அதன் சாறு கசிந்து கண்ணழுத்தத்தை ஏற்றலாம். கண் சிவந்து, தலையிடியும் சத்தியுமாக வரும் அந்த நிலையில் பார்வை நரம்பு சில நாட்களிலேயே செத்துப்போகும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல வில்லை வைத்தாலும் பார்வை திரும்பாது. எப்போது வெட்டுவது என்பதற்குச் சரியான அளவுகோல் உங்கள் வேலைதான்: வரம்பு தெரியவில்லை, காசின் பெறுமதி தெரியவில்லை, ஆளை முகம் பார்த்து மட்டுப்பிடிக்க முடியவில்லை என்றால் நேரம் வந்துவிட்டது.

கிளினிக்கில்

முதல் நாள் கண்மணியை விரிக்கும் மருந்து விடுவார்கள். நாலைந்து மணித்தியாலத்துக்குக் கிட்டப் பார்வை கலங்கும், வெயில் குத்தும். தனியாக மோட்டார் சைக்கிளில் வந்து தனியாகத் திரும்பும் யோசனை வேண்டாம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கொண்டுபோங்கள்.

பிறகு அளவெடுப்பு. இதில்தான் பலர் அலட்சியமாக இருப்பார்கள். கண்ணுக்குள் வைக்கும் வில்லைக்கும் சப்பாத்து மாதிரி அளவு உண்டு. கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்துதான் அதைக் கணக்கிடுவார்கள். நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் பார்வை இரண்டரை, மூன்று டயொப்டர் பிசகும். அதாவது தடித்த கண்ணாடி போடாமல் தூரம் தெரியாது. எனவே இயந்திரத்தில் நாடியை வைத்தால் சொன்ன புள்ளியைப் பார்த்தபடி அசையாமல் இருங்கள். பெரும்பாலும் தூரத்துக்கு ஏற்ற வில்லைதான் வைப்பார்கள். நாள் முழுக்கத் தையல் தைப்பவரோ ஓலை இழைப்பவரோ வாசிப்பிலேயே இருப்பவரோ என்றால், கிட்டப் பார்வைக்கு ஏற்றதாக வைக்க ஏலுமா என்று அளவெடுக்கும் அன்றே கேளுங்கள். ஒப்பிறேசன் தியேட்டர் வாசலில் கேட்டுப் பயனில்லை.

கண்ணீர்க் குழாய்க்குள் தண்ணி அடித்துப் பார்ப்பார்கள். தண்ணி தொண்டைக்கு வந்தால் குழாய் திறந்திருக்கிறது. சீழோடு திரும்பி வந்தால் அதைச் சுகமாக்கிய பிறகுதான் கண். சீனியும் பிறஷரும் கட்டுக்குள் இருக்கவேண்டும். சூத்தைப் பல், காலில் ஆறாத புண், இருமல் எதையும் மறைக்காதீர்கள். திகதி தள்ளிப்போகும் என்ற பயத்தில் புண்ணை மறைத்துக்கொண்டு போவது கண்ணைப் பணயம் வைக்கிற வேலை.

குளிசைகளில் ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். சலம் போகச் சிரமப்படும் வயசான ஆண்களுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் கதிராளியைத் துவளச் செய்துவிடும். சத்திரசிகிச்சையின் நடுவில் கண்மணி சுருங்கி, கதிராளி வெட்டு வாய்க்குள் வந்து செருகும். முன்பே தெரிந்தால் டொக்டர் அதற்கான ஆயத்தத்தோடு வருவார். எப்போதோ எடுத்து விட்டுவிட்ட மருந்தென்றாலும் சொல்லுங்கள், நிறுத்திய பிறகும் அதன் குணம் இருக்கும். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரின், குளோபிடோகிரல், அஸ்பிரின் போன்றவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். குளிசைப் பெட்டியை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போவதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

செல் துண்டு உள்ளவர்கள்

வன்னியில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உடம்பில், குறிப்பாக முகத்திலோ தலையிலோ, 'பீஸ்' (வெடித்த எறிகணையின் துண்டு) இருக்கிறதா? 2009 வரைக்குமான சண்டையில் காயப்பட்டவர்கள் அதைச் சொல்லவே மறந்திருப்பார்கள், பழகிப்போயிருக்கும். காயத்தால் வரும் புரை வயசுப் புரையைப் போன்றதல்ல. வில்லையைத் தாங்கும் நுண்ணிய இழைகள் அறுந்திருக்கலாம், உறை முன்பே கிழிந்திருக்கலாம், விழித்திரையில் தழும்பு இருக்கலாம். அடிபட்டுப் பத்துப் பதினைந்து வருசம் கழித்தும் இந்தப் புரை வரும், அதுவும் பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும்.

1949 இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற டொக்டர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லை வைத்ததற்கும் ஒரு போர்தான் வழி காட்டியது. விமானம் சுடப்பட்டபோது விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் கண்ணைக் கெடுக்காமல் சும்மா கிடந்ததை அவர் கண்டார், அதே வகைப் பிளாஸ்ரிக்கில் வில்லை செய்தார். செல்லின் இரும்பு அப்படிச் சும்மா கிடக்காது. கண்ணுக்குள் இருக்கும் இரும்புத் துண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் துருவேறி, வில்லையையும் விழித்திரையையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால்தான் எக்ஸ்றேயும், புரை வெள்ளையாக மறைத்திருக்கும்போது பின்பக்கத்தைப் பார்க்கும் கண் ஸ்கானும் எடுக்கிறார்கள். எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் போவதற்கு முன் இரும்புத் துண்டு பற்றிச் சொல்லாமல் விடவே கூடாது, காந்தம் அதை நகர்த்திவிடும்.

எவ்வளவு பார்வை வரும் என்று முன்கூட்டியே ஓரளவு மட்டுக்கட்டலாம். இருட்டறையில் மற்றக் கண்ணை நன்றாகப் பொத்திவிட்டு, மேல், கீழ், இடம், வலம் என்று நாலு திசையிலிருந்தும் ரோச் அடிப்பார்கள். புரை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சரியாகச் சொல்லமுடிந்தால் பின்னால் விழித்திரை வேலை செய்கிறது என்று நம்பலாம். திசை பிடிபடவில்லை என்றால் எதிர்பார்ப்பைக் குறைக்கவேண்டும். இந்தச் சோதனையில் குத்துமதிப்பாகப் பதில் சொல்லாதீர்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். ஒரு கண்ணைப் போரில் இழந்து மிஞ்சிய ஒன்றில் புரை உள்ளவர்கள், அது ஒற்றைக் கண் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும். யார் செய்வது, எங்கே செய்வது, எந்த முறையில் செய்வது என்பதெல்லாம் அதனால் மாறும்.

இடையில் ஒன்று. "ஆரோ செத்த ஆளின்ர கண்ணை வைக்கிறாங்களாம்" என்ற பேச்சு இன்னும் ஊரில் உண்டு. தானமாகப் பெறுவது முன்னால் இருக்கும் கண்ணாடிப் படலத்தைத்தான், அது வேறு சத்திரசிகிச்சை. புரைக்கு வைப்பது தொழிற்சாலையில் செய்த வில்லை. 1992 இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஓரோலாப் என்ற தொழிற்சாலை வில்லை செய்யத் தொடங்கிய பிறகுதான் அதன் விலை ஏழை நாடுகளுக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது.

தியேட்டருக்குள்

முதல் நாளே தலை முழுகி, நகம் வெட்டி, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். காலையில் முகத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவினால் அதற்குப் பிறகு திருநீறு, சந்தனம், பொட்டு, மை ஒன்றும் வேண்டாம். சாப்பிடலாமா, சீனிக் குளிசை போடலாமா என்பதை அந்தந்த வார்ட்டில் சொல்கிறபடி செய்யுங்கள். வெறுவயிற்றில் சீனிக் குளிசையைப் போட்டு மயங்கி விழுபவர்கள் உண்டு.

கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி, அல்லது வெறும் மரப்பு மருந்துச் சொட்டு. ஊசி போட்டால் சில நிமிடத்தில் கண் மரத்து அசையாமல் நிற்கும். கபில நிற அயடின் மருந்தால் இமையைத் துடைத்து, கண்ணுக்குள்ளும் விட்டுச் சில நிமிடம் வைப்பார்கள். கிருமியைக் குறைப்பதில் இதற்கு நிகரில்லை, எரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு முகத்தைத் துணி மூடும். கண்ணை மட்டும் ஒரு கம்பி திறந்து பிடிக்கும். பெரிய வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது, கத்தியும் தெரியாது. இருமல் வந்தால், தும்மல் வந்தால், மூச்சு முட்டினால் முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு இருமலாம். தலையை ஆட்டுவதும் துணிக்கு அடியால் கையைக் கொண்டுபோவதும்தான் ஆபத்து. இருபது நிமிடமாவது மட்டமாகப் படுக்கமுடியாத தொய்வுக்காரரும் இருதய வருத்தக்காரரும் இதை முன்பே சொல்லவேண்டும்.

முறை இரண்டு. ஒன்றில் மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டு வழியே, விநாடிக்கு 40,000 தடவை அளவில் அதிரும் ஊசி முனையால் வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்து, மடித்த வில்லையை உள்ளே விரிய விடுவார்கள். மற்றதில் வெள்ளைவிழியில் ஆறேழு மில்லிமீற்றர் சுரங்கம் போல வெட்டி, இறுகிய கருவை முழுசாக வெளியே எடுப்பார்கள். சுரங்கம் தானாக மூடிக்கொள்ளும், பெரும்பாலும் தையல் வேண்டாம். முதலாவதை 'லேசர்' என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அது லேசர் இல்லை, மீயொலி. நன்றாக முற்றிய வெள்ளைப் புரைக்கும் கபிலப் புரைக்கும் இரண்டாவது முறை எவ்விதத்திலும் குறைந்ததல்ல. அனுபவமுள்ள கை அதைப் பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிக்கும். வெள்ளைப் புரையில் உறை கண்ணுக்குத் தெரியாது என்பதால் நீலச் சாயம் பூசித்தான் அதில் ஐந்து மில்லிமீற்றர் அளவில் வட்டமாகக் கிழிப்பார்கள்.

புது வில்லை உட்காரும் இடம் அந்தப் பழைய உறைதான். அதன் பின்சுவர் மிக மிக மெல்லியது. கைதேர்ந்தவர்களிடமும் நூற்றில் ஒன்றிரண்டு கண்ணில் அது கிழியும். கிழிந்தால் பின்னால் இருக்கும் பசை போன்ற திரவம் முன்னே வரும், அதை வெட்டி எடுத்துவிட்டு வில்லையை வேறு இடத்தில் வைப்பார்கள், அல்லது பிறகொரு நாள் வைப்பார்கள். "லென்ஸ் வைக்கேல்லை" என்று சொல்லி அனுப்பினால் பதறாமல், ஏன், அடுத்த திகதி எப்போது என்று எழுதி வாங்குங்கள். வில்லையின் இலக்கம் உள்ள ஒட்டுத்தாள் கொப்பியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அடுத்த நாள் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். முல்லைத்தீவுக் கரையிலோ துணுக்காய்ப் பக்கத்திலோ இருந்து வந்தவர்கள் அன்றிரவே வீட்டுக்குப் போய்க் காலையில் திரும்ப வர நினைக்காமல், வார்ட்டிலோ கிட்டவுள்ள சொந்தக்காரர் வீட்டிலோ தங்குவது நல்லது. இரவில் ஒரு கண் மூடியிருக்கும்போது தூரம் மட்டுப்பிடிபடாது. வெளியே மலசலகூடத்துக்குப் போகத் துணைக்கு ஆள் வேண்டும். கட்டில்லாத கிணறு உள்ள வளவில் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

கட்டு எடுத்ததும் எல்லாம் பளிச்சென்று தெரியவேண்டும் என்றில்லை. முற்றிய புரையென்றால் கண்ணாடிப் படலம் வீங்கி ஒரு கிழமை புகார் மூடியது போல இருக்கும். மண் விழுந்தது போல உறுத்தலாம், தண்ணி வடியலாம், வெள்ளைவிழியில் இரத்தப் பொட்டு இருக்கலாம். இவை நாளுக்கு நாள் குறையவேண்டும், அவ்வளவுதான்.

இனி சொட்டு மருந்து. பொதுவாகக் கிருமிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீரொயிட் ஒன்று தருவார்கள். எத்தனை தடவை என்பதில் கொப்பியில் எழுதியதுதான் சட்டம். கிருமி மருந்து ஒன்றிரண்டு வாரத்தில் முடியும். ஸ்டீரொயிட்டை வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டு வரவேண்டும். திடீரென்று நிறுத்தினால் அடங்கிய வீக்கம் திரும்பக் கிளம்பும். நிறுத்தாமல் மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால் சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். முதல் வாரம் நாளுக்கு 6 தடவை என்றால் 42 துளி. அடுத்த வாரங்களில் 4, 3, 2, 1 என்று குறைத்தால் 28, 21, 14, 7. மொத்தம் 112 துளி. 5 மில்லிலீற்றர் போத்தலில் இருப்பது சுமார் 100 துளி, அதிலும் கன்னத்தில் வழிந்தது எத்தனையோ. ஆக, சரியாக விடுகிறவருக்கே நாலாம் வாரத்துக்குள் மருந்து முடிந்துவிடும். திறந்த போத்தலை 28 நாளுக்கு மேல் பாவிக்கவும் கூடாது. கிளினிக் திகதிக்கு இன்னும் பத்து நாள் இருக்க, "மருந்து முடிஞ்சுது, கண்ணும் சுகம்தானே" என்று விட்டுவிடுவது இங்கேதான் நடக்கிறது. முதல் கிளினிக்கிலேயே இரண்டாவது போத்தலைக் கேட்டு வாங்குங்கள்.

விடும் முறை: சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பால் மாதிரி இருக்கும் ஸ்டீரொயிட் போத்தலைக் குலுக்குங்கள், குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி வெறும் தண்ணி விழும். ஆளைப் படுக்கவைத்து, கீழ் இமையைக் கன்ன எலும்பின் மேல் வைத்து இழுத்து, அந்தப் பைக்குள் ஒரே ஒரு துளி. போத்தல் முனை இமையிலோ மயிரிலோ படக்கூடாது, பட்டால் அந்தப் போத்தல் பழுது. பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்தில் விரலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. பஞ்சால் கண்ணுக்குள்ளே துடைக்க வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணியில் நனைத்த சுத்தமான பஞ்சால் இமை ஓரத்தை மட்டும் துடையுங்கள். பிரிட்ஜ் இல்லாத வீடென்றால், பிரிட்ஜில் வைக்கவேண்டிய மருந்தா என்று மருந்து தரும் இடத்திலேயே கேளுங்கள். எதுவானாலும் தகரக் கூரைக்குக் கீழே யன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். 2023 இல் நுவரெலியாவில் சத்திரசிகிச்சைக்குப் பின் விட்ட சொட்டு மருந்தால் நோயாளர் பலருக்குக் கண் பாதிக்கப்பட்டு, அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதனால் மருந்து விடப் பயப்படத் தேவையில்லை; சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, போத்தலின் தொகுதி இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்தால் போதும்.

பிள்ளைகள் வெளிநாட்டில், அப்புவும் ஆச்சியும் தனிய என்ற வீடுகள் இங்கே நிறைய. ஆச்சிக்கும் புரை என்றால் அப்புவின் கண்ணில் துளி விழுந்ததா என்று அவவுக்குத் தெரியாது. நாள் குறிக்கும் முன்பே பக்கத்து வீட்டில் ஒருவரைப் பேசி ஒழுங்குபடுத்தவேண்டிய விசயம் இது.

குளிப்பு, கழுத்துக்குக் கீழே எப்போதும் செய்யலாம். தலை முழுகுவது இரண்டு கிழமைக்குப் பிறகு. அதற்குள் தாங்கமுடியாவிட்டால் சலூனில் போல பின்பக்கம் சாய்ந்திருக்க இன்னொருவர் வார்க்கலாம். குளம், வாய்க்கால், கடல் ஆறு வாரத்துக்குக் கிடையாது. கிணற்றில் வாளியால் அள்ளுவது, நெல்மூட்டை தூக்குவது, கரைவலை இழுப்பது எல்லாம் மூச்சைப் பிடித்து முக்கும் வேலைகள். வெட்டு வாய் இறுகும்வரை, குறிப்பாகச் சுரங்க வெட்டுக்காரர், நாலு தொடக்கம் ஆறு வாரம் விலகி இருங்கள். 16 லீற்றர் மருந்துத் தாங்கியை முதுகில் போட்டு வயலுக்கு மருந்தடிப்பதில் பாரமும் நஞ்சும் இரண்டும் உண்டு, அதை வேறொருவரிடம் விடுங்கள். சூடடிக்கும் மெசின் பக்கம் போகவே கூடாது. நெல் உமி கீறிய சாதாரணக் கண்ணே பங்கசு பிடித்துப் புண்ணாகும். சோளகம் கிளம்பிவிட்டால் முற்றத்தில் இருப்பதற்கும் கண்ணாடி வேண்டும். விறகடுப்புப் புகை இரண்டு கிழமைக்காவது ஆகாது. இரவில் பிளாஸ்ரிக் மூடியை ஒட்டிக்கொண்டு மற்றப் பக்கம் சரிந்து படுங்கள், நித்திரையில் கை தானாகக் கண்ணைக் கசக்கும். ரீவி பார்ப்பதும் பேப்பர் வாசிப்பதும் ஒரு கெடுதலும் செய்யாது.

சாப்பாட்டில் பத்தியம் இல்லை. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, முட்டை சூடு என்று சொல்லிக் கஞ்சியோடு நிறுத்தினால் காயம் ஆறப் புரதம் இல்லாமல் ஆள்தான் மெலியும். சலரோகக்காரர் சீனியைக் கட்டுப்படுத்தட்டும், மலச்சிக்கலுக்குப் பப்பாசி சாப்பிடட்டும். மற்றதெல்லாம் வழமை போல.

ஓடவேண்டிய நேரம்

கண்ணுக்குள் கிருமி போவது அரிது, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில். வந்தால் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: காலையில் மற்றக் கண்ணைப் பொத்தி, சுவர்க் கலண்டரை ஒரே இடத்தில் ஒரே தூரத்தில் நின்று பாருங்கள். நேற்றைக்குத் தெரிந்த இலக்கம் இன்றைக்குத் தெரியவில்லை என்றால் அது செய்தி. அதோடு பரசிற்றமோலுக்கு அடங்காத நோ, கூடிக்கொண்டு போகும் சிவப்பு, இமை வீக்கம், பீளை சேர்ந்தால் கிளினிக் திகதி பார்க்கவேண்டாம், விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கண்ணுக்குள்ளே ஊசியால் கிருமி மருந்து போடவேண்டும், அதற்கு ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு. வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், "கண் ஒப்பிறேசன் செய்து இத்தனை நாள்" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். கடையில் வேறு சொட்டு மருந்து வாங்கி ஒரு நாள் பார்ப்பதுதான் கண்ணை இழக்கும் வழி.

முதல் நாளே தலையிடியும் சத்தியும் என்றால் கண்ணழுத்தமாக இருக்கலாம். எந்த மாதத்திலானாலும் மின்னல் வெட்டுவது, கறுப்புப் புள்ளிகள் திடீரென்று கொட்டுவது, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது விழித்திரை கழரும் அடையாளம். இதற்கும் அன்றைக்கே போகவேண்டும், கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டி வந்தாலும் நாள் கடத்தக்கூடாது. நன்றாக இருந்த பார்வை நாலு, ஆறு வாரத்தில் நோவில்லாமல் மங்கினால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கலாம். சலரோகக்காரருக்கு இது கூட, மருந்துக்குக் கேட்கும்.

கண்ணாடிக்கு அவசரப்படாதீர்கள். வெட்டு ஆறி வளைவு நிலைக்க நாலு தொடக்கம் ஆறு வாரம் வேண்டும், அதற்கு முன் எடுத்த கண்ணாடி வீண் காசு. தூரத்துக்கு வில்லை வைத்தவருக்கு வாசிக்க ஏறத்தாழ +2.50 தேவைப்படும், அது சத்திரசிகிச்சை பிழைத்ததன் அடையாளம் இல்லை. நீலமும் வெள்ளையும் கண்ணைப் பறிக்கும், புரையின் பழுப்புக்கு ஊடாகப் பார்த்துப் பழகிய மூளைக்குச் சில நாள் எடுக்கும். மற்றக் கண்ணிலும் புரை இருந்தால், இரண்டு கண்ணும் ஒத்துப்போகாமல் படியிறங்கத் தடுமாற்றம் வரும். "ஒண்டு காணும்" என்று நிறுத்தாமல் அடுத்ததற்கும் பதிந்துகொள்ளுங்கள்.

சிலருக்கு ஒன்றிரண்டு வருசத்தில், அல்லது மாதங்களிலேயே, பார்வை திரும்ப மங்கும். புரை மறுபடி வளர்ந்துவிட்டது, டொக்டர் சரியாக எடுக்கவில்லை என்று ஊரில் கதைப்பார்கள். எடுத்த புரை திரும்ப வளராது. வில்லையைத் தாங்கும் பின்னுறையில் மிஞ்சிய உயிரணுக்கள் படர்ந்து அதை மங்கலாக்கும். இதற்குத்தான் உண்மையான லேசர்: கண்மணியை விரித்து, இயந்திரத்தில் நாடி வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் உறையின் நடுவில் ஒரு துளை. வெட்டும் இல்லை, கட்டும் இல்லை. சில நாளைக்குப் பூச்சி பறப்பது போலத் தெரியும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், அடுத்த நாள் வயலுக்கும் போகலாம். மோட்டார் சைக்கிளை மட்டும் அன்றைக்கு வேறு யாராவது ஓடட்டும்.